நாலாம் நம்பர் டிரம்

ஸ்தோத்திரம் அக்காவைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். லிஃப்ட் நின்றால் ஸ்தோத்திரம், தும்மினால் ஸ்தோத்திரம், ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் திட்டினால் அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆறு வருஷம் அவளோடு ஒரே அறையில் வேலை பார்த்தவள் நான். மற்றவர்களைவிட அதிகமாகச் சிரித்தவளும் நான்தான்.

அந்த அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஆபரேஷனுக்குப் போகிற துணி, அங்கி, பஞ்சு எல்லாவற்றையும் வட்டமான எவர்சில்வர் டிரம்களில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிப் பெட்டிக்குள் வைத்து, கிருமி இல்லாமல் செய்து மேலே அனுப்புவது எங்கள் வேலை. டிரம்மின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றின் மேல் ஒரு தகட்டுப் பட்டை. பட்டையை இந்தப் பக்கம் தள்ளினால் துளை திறக்கும், அந்தப் பக்கம் தள்ளினால் மூடும். பெட்டிக்குள் வைக்கும்முன் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி உள்ளே போகாது. வெளியே எடுத்ததும் மூட வேண்டும், இல்லாவிட்டால் தூசி போய்விடும். இவ்வளவுதான் சாஸ்திரம்.

டிரம்மின் மூடிமேல் ஒரு டேப் ஒட்டுவோம். ஆவி பட்டதும் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். மேலே இருக்கிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் டிரம்மைத் திறப்பார்கள். ஆனால் அந்த டேப் ஒட்டியிருப்பது வெளியே. உள்ளே ஆவி போனதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்கென்று துணிக்கு நடுவில் வைக்கிற சீட்டு ஒன்று உண்டு. அந்தச் சீட்டு தீர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தோம். வந்தபாடில்லை.

நாலாம் நம்பர் டிரம் ஒரு சண்டி. எப்போதோ தள்ளுவண்டியிலிருந்து விழுந்து நசுங்கியதில் அதன் பட்டை லேசில் நகராது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி இரண்டு குத்து குத்த வேண்டும், திறக்க இரண்டு, மூட இரண்டு. குத்தின கை மத்தியானம் வரை சிவந்து கன்றிப்போயிருக்கும். திறப்பதும் மூடுவதும் அக்காவின் வேலை. துணி அடுக்குவது, டேப் ஒட்டுவது, பெட்டியை ஓட்டுவது என் வேலை. ஒன்பது மணி டீக்கு உட்காரும்போது அக்கா இடுப்புப் பையிலிருந்து தைலத்தை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துக்கொள்வாள். டீயே தைல வாசனை அடிக்கும்.

பெட்டியின் கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவள் ஒவ்வொரு டிரம்மின்மேலும் கை வைத்து ஜெபம் செய்வாள். இது யாருக்குப் போகிறதோ அவர்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேரவேண்டும் என்பதுதான் ஜெபம். நான் பின்னால் நின்று, "சீக்கிரம் முடிங்கக்கா, கிருமியெல்லாம் ஞானஸ்நானம் வாங்கிட்டு வெளிய வந்துடப்போகுது" என்பேன். கோபித்துக்கொள்ள மாட்டாள். எனக்கும் சேர்த்து ஒரு ஸ்தோத்திரம் சொல்வாள்.

நானும் ஆலயத்துக்குப் போகிறவள்தான். கடைசி பெஞ்ச், வாசலுக்குப் பக்கத்தில். அதனால் சொல்கிறேன், அக்காவின் பக்தி எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அது முழுக்கப் பயத்தால் ஆனது என்று நினைத்தேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் தான் என்ன பாவம் செய்தோம் என்று தேட ஆரம்பித்துவிடுவாள். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாமல் போனால் அந்த வாரம் முழுக்க எதையோ எதிர்பார்த்துப் பதறிக்கொண்டிருப்பாள். வசனம் எழுதின துண்டுக் காகிதங்கள் அவள் சட்டைப் பையில், செருப்பு அலமாரியில், சாப்பாட்டு டப்பா மூடியில்கூட இருக்கும். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாய்க்கொழுப்புக்காரர். ஒருநாள் என்னிடம், "உங்க அக்கா ஜெபத்தை நம்பி நான் வண்டிக்குப் பெட்ரோல் போடுறதையே நிறுத்திடலாமான்னு பாக்குறேன்" என்றார். நான் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

முந்தைய நாள்தான் கண் டாக்டர் அவள் வீட்டுக்காரரிடம் இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார். காலையில் வந்ததுமே முகம் வீங்கியிருந்தது. கையைக் கழுவினவள் அப்படியே சுவரில் நெற்றியை வைத்து நின்றுவிட்டாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, நேரமாகிறதே என்ற கடுப்பும் இருந்தது. சரி, இன்றைக்கு ஒருநாள் நாமே திறந்துவிடுவோம் என்று டிரம்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று வழுக்கிக்கொண்டு திறந்தன. நாலாம் நம்பரை விரலை மடக்கி ஒரு தட்டு தட்டினேன். அசையவில்லை. கை வலிக்குமே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுத்ததற்குப் போனேன். அதற்குள் வார்டிலிருந்து ஒரு ஆள் வந்து கட்டுப்போடும் துணி அவசரம் என்று கதவைத் தட்டினார். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், வரிசையாக நின்ற டிரம்களையெல்லாம் உள்ளே தள்ளினேன். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றின்மேலும் கை வைத்து ஜெபம் செய்தாள். நான் கதவைச் சாத்தினேன்.

மறந்துபோனது நிஜம். ஆனால் மறப்பதற்கு முன்னால் 'அப்புறம்' என்று ஒரு சோம்பல் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எட்டேகாலுக்கு டிரம்களை வெளியே எடுத்தோம். டேப்பில் கோடுகள் கறுகறுவென்று வந்திருந்தன. அக்கா பட்டைகளை மூடிக்கொண்டே போனாள். அவள் கைதான் அங்கே இருந்தது, மனசு கண் டாக்டர் வாசலில் நின்றது. தள்ளுவண்டி வந்தது, டிரம்கள் மேலே போயின.

ஒன்பது மணிக்கு டீ வந்தது. அக்கா வழக்கம்போல் தைல டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தாள். விரலில் கொஞ்சம் தொட்டாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்குக் கை வலிக்கலையே" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அடுத்த நொடி விளங்கிவிட்டது. பட்டை திறக்காமலே உள்ளே போயிருந்தால் மூடுவதற்கும் குத்த வேண்டியிருக்காது.

"நாலாம் நம்பரைக் காலைல நீதான திறந்த?"

"ஆமாக்கா, திறந்தேனே."

"அப்ப மூடுறப்ப நான் குத்தியிருக்கணுமே."

"இன்னிக்கு என்னவோ லேசா நகர்ந்திருக்கும். டேப்பப் பாத்தீங்கல்ல, நல்லாத்தான கறுத்திருந்துச்சு."

அவள் டீ கிளாஸைப் பிடித்திருந்த என் கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தைல டப்பாவை மூடினாள்.

நான் ஏன் பொய் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். ஆறு வருஷமாக நான் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்கும் பட்டியலில் முதல்முறையாக என் பெயர் இருந்தது. மெமோ ஒன்று வந்தால் பெயர் போய்விடும். அக்காவுக்கும் நிலைமை நன்றாக இல்லை. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு மெமோ, மூன்றாவது வந்தால் வேலையே போகும். வீட்டுக்காரரின் வேனும் நின்றுவிட்ட பிறகு அந்த வீட்டில் அடுப்பெரிவது அவள் சம்பளத்தில்தான். இதையெல்லாம் நான் அவளிடம் சொன்னேன். அவள் நல்லதுக்குச் சொல்வது மாதிரியே சொன்னேன். டேப் கறுத்திருக்கிறது, யாரும் கேட்கப்போவதில்லை, ஒருவேளை எல்லாம் சரியாகவும் இருக்கலாம், வீணாகப் போய் ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கூடவே, "ஜெபம் பண்ணுங்கக்கா, ஆண்டவர் பாத்துக்குவார்" என்றும் சொன்னேன். அவளை அடக்க அவளுடைய ஆயுதத்தையே எடுத்தேன்.

அவள் பெட்டிக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த சந்தில் முழங்கால் போட்டாள். எனக்கு உயிர் வந்தது. இனி அரைமணி நேரம் ஆகும், அதற்குள் ஆபரேஷன் தொடங்கிவிடும், பிறகு பேச ஒன்றும் இருக்காது என்று கணக்குப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்துவிட்டாள். நெற்றியில் வேர்வை.

"என்னக்கா, அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"இதுல கேக்குறதுக்கு ஒண்ணுமில்லடி. என்ன பண்ணணும்னு எனக்கே தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே முட்டி போட்டா அது ஒளிஞ்சுக்கிறது."

சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை, படி ஏறினாள். மூட்டு வலிக்காரி, மூன்று மாடி.

நானும் பின்னாலேயே போனேன். தடுக்கப் போனேனா, கூட நிற்கப் போனேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் தியேட்டர் கதவுக்குள் போய்விட்டாள். நான் வெளி வராந்தாவில் நின்றேன். அங்கே பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. உள்ளே இருப்பது அவர் மனைவி, பேக்கரியில் வேலை பார்க்கிறவள், கர்ப்பப்பையில் கட்டி என்று அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. பயத்தில் இருக்கிறவர்கள் யாரிடமாவது சொல்லத்தானே செய்வார்கள். பிறகு என் சீருடையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிரும்ல?" என்றார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தியேட்டர் சிஸ்டருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. பேசுகிறவர் பேச்சை முடிக்க விடமாட்டார், நடுவிலேயே வெட்டிவிடுவார். அக்காவுக்கு வந்த இரண்டு மெமோவும் அவர் எழுதிக் கொடுத்தவைதான். கத்தரி லிஃப்டில் ஏறினால் அக்கா இறங்கி நடப்பாள். அவ்வளவு பயம். அன்று கத்தரியின் குரல் கதவைத் தாண்டி வராந்தாவுக்கே கேட்டது. நாலாம் நம்பர் டிரம் திறந்தாகிவிட்டது என்றும், பெரிய டாக்டர் அதிலிருந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்றும், மயக்க ஊசி போடப் போகிறார்கள் என்றும், இப்போது வந்து என்ன உளறல் என்றும் கத்தினார். யார் வேலை அது என்று கேட்டார்.

"திறக்குறதும் மூடுறதும் என் வேலை, சிஸ்டர்" என்றாள் அக்கா.

அதில் ஒரு பொய்யும் இல்லை. காலையில் நான் திறந்ததாகச் சொன்னதை அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். செருப்புப் பைக்காரர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்து, ஏதாவது பிரச்சனையா என்றார். நான் அவர் பையிலிருந்த செருப்பைப் பார்த்தேன்.

உள்ளே பெரிய டாக்டரின் குரல். அவர் கத்துகிறவர் இல்லை. "நிச்சயமாத் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

"நிச்சயமாத் தெரியாது டாக்டர். நாலாம் நம்பரை மூடினா கை வலிக்கும். இன்னிக்கு வலிக்கல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

நான் அடுத்தது என்ன என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன், நானாக இருந்தால் சிரித்திருப்பேன். டாக்டர் சிரிக்கவில்லை. அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த டிரம்மிலிருந்து எடுத்ததையெல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார். அவசரத்துக்கென்று வைத்திருந்த டிரம்மைக் கொண்டுவரச் சொன்னார். முதலிலிருந்து கை கழுவப் போனார் என்று அக்கா பிறகு சொன்னாள். ஆபரேஷன் முக்கால் மணி நேரம் தள்ளித் தொடங்கியது.

அக்கா வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் செருப்புப் பைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்லபடியாகத்தான் நடக்கும், டாக்டர் கவனமாக இருக்கிறார் என்று அவரிடம் சொன்னாள். அவள் சொல்லும்போது அது உண்மையாக இருந்தது.

அந்தத் துணியில் கிருமி இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பேக்கரிப் பெண் ஆறாம் நாள் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து வீட்டுக்குப் போனாள். அக்காவின் கைக்கு மூன்றாவது மெமோ வந்தது. அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை.

நடுவில் இருந்த அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா வழக்கம்போல் வந்தாள், துணி மடித்தாள், ஸ்தோத்திரம் சொன்னாள். நாலாம் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் முதல்முறையாக முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். என் ஜென்மத்தில் அப்படி உருகி ஜெபம் செய்ததில்லை. அக்காவை எப்படியாவது மன்னித்துவிட வேண்டும், மேலே இருக்கிறவர்கள் மனசு இளக வேண்டும் என்று கண்ணீர்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டதெல்லாம் என் வாயைத் திறக்காமல் காரியம் முடியவேண்டும் என்பதைத்தான். முட்டி போட்டு ஒளிந்துகொள்வது என்று அக்கா சொன்னது இதுதான். அவள் ஒரு நிமிஷத்தில் எழுந்துவிட்டாள், எனக்கு அஞ்சு நாள் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை. அக்கா கண்ணாடி முன்னால் நின்று சீருடையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விரல் பொத்தானில் நிற்காமல் வழுக்கியது.

"அக்கா, அன்னிக்கு நாலாம் நம்பரை நான் திறக்கல" என்றேன்.

"தெரியும்" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே.

"எப்படி?"

"டீ குடிக்கிறப்ப உன் கையைப் பாத்தேன். அதுவும் சிவக்கல."

நான் அழுதுவிட்டேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் திரும்பி, என் மூக்கைத் துடைக்க அலமாரியிலிருந்து ஒரு துண்டுத் துணி எடுத்துக் கொடுத்தாள். "நான் மேல போனது அந்தப் பொண்ணுக்காகடி. உன்னைக் காட்டிக்குடுக்க இல்ல. உன்னுதை நீதான சொல்லணும்" என்றாள்.

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ஏன் இல்லாம? இப்பவும் இருக்குது. பயம் போனப்புறம் போலாம்னு உக்காந்திருந்தா என்னிக்குப் போறது?"

ஆறு வருஷம் நான் கேலி செய்த பயந்தாங்கொள்ளி இவள்தான். பயம் அவளிடம் இருந்தது, ஆனால் அவள் காலைக் கட்டிப்போட்டதில்லை. என்னை எதற்கும் பயப்படாதவள் என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த அறையில் பயம் சொன்னபடி நடந்தவள் நான் ஒருத்திதான்.

இரண்டு பேரும் சேர்ந்து மேலே போனோம். மேஜைக்கு அந்தப் பக்கம் கண்காணிப்பாளரும் கத்தரியும் இருந்தார்கள். அக்காவை உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். விரலை மடக்கித் தட்டியதை, 'அப்புறம்' என்று விட்டதை, டீ நேரத்தில் பொய் சொன்னதை, எல்லாவற்றையும். கத்தரி ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை.

அக்காவின் மெமோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த மெமோ என் பெயருக்கு வந்தது. நிரந்தரப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து இன்னொரு தடவை அழுதேன். இந்தத் தடவை எதற்கு என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது, வேலைக்காகத்தான். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லாமல் இருந்தாள். அதை நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

உள்ளே வைக்கிற சீட்டு மறுவாரமே வந்துவிட்டது. நாலாம் நம்பருக்குப் பதிலாகப் புது டிரம் தருவதாகச் சொன்னார்கள், அது மட்டும் இன்னும் வரவில்லை. திறக்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓங்கி இரண்டு குத்து. தைல டப்பா இப்போது எங்கள் இருவருக்கும் பொதுவில் அலமாரியில் இருக்கிறது.

காலையில் டிரம்களையெல்லாம் உள்ளே வைத்ததும் அக்கா ஜெபம் செய்ய வருவாள். டிரம்மின்மேல் கை வைப்பதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "காட்டு" என்பாள். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன். சிவந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவள் கண்ணை மூடுவாள்.